சொல்தாவின் சின்ன ஜெனரேட்டர்

தும்மினால்கூட பிரெஞ்சில் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கைக்குட்டையை மடிப்பார். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும் என்பதில்லை. முதலியார்பேட்டையில் அவருக்குப் பக்கத்து வீட்டு மாடியில் நான் குடிவந்த புதிதில், வாசலில் தனியாக நின்று தும்மியவர், எதிரே படுத்திருந்த தெருநாயைப் பார்த்து பர்தோன் சொன்னதை மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். அன்று சிரிப்பு வந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். தெருவில் அவருக்கும் அதுதான் பெயர். நேரில் பார்த்தால் பிரெஞ்சு மரியாதையில் முசே. நான் ஐயா என்றேன். அறுபத்தைந்தைத் தாண்டியவர், முப்பதுகூட ஆகாத என்னை ஒரு நாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது பால்காரர், குப்பை வண்டிப் பெண், பள்ளிக்கூட ஆட்டோவில் திணிந்திருக்கும் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிக்கொண்டே போவார். கடை வரிசையில் யாராவது அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனால், இடிபட்ட இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

"பீரங்கி பக்கத்துல நின்ன ஆளு தம்பி இவரு. இப்ப இருமறதுக்குக்கூட ஊர்ல பர்மிஷன் கேக்குறாரு" என்பார் அவர் மனைவி.

அந்த அம்மாவை நான் பார்ப்பதற்கே வெகுநாள் ஆயிற்று. அவர்கள் வீட்டு முன்னறை ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அவருக்கு நரம்பில் ஒரு நோய். பிரான்சில் இருந்தபோதே வந்துவிட்டது. குளிர்ந்த அறையில் இருக்கும்வரை எழுந்து உட்காருவார், பேசுவார், தெருவில் உள்ள அத்தனை பேரையும் கேலி செய்வார். உடம்பில் கொஞ்சம் சூடு ஏறினால் போதும். முதலில் பார்வை மங்கும். அப்புறம் கைகால் அவர் பேச்சைக் கேட்காது. அதற்கும் மேலே போனால் நாக்கு குழறும். பங்குனி பிறந்துவிட்டால் ஐப்பசி மழை வரும்வரைக்கும் அவருக்கு எங்கள் ஊரில் பகல் என்பதே கிடையாது.

அப்படிப்பட்டவர் குளிர்தேசத்தை விட்டு ஏன் வந்தார் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நான்தான் அடம் புடிச்சேன். செத்தா நம்ம ஊர்லதான்னு. இங்க வந்து ஒரு ரூமுக்குள்ள பொதச்சி வெச்சிருக்காங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐயா சிரிக்கவில்லை.

எனக்கு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் சாயந்தரம்தான் எழுந்திருப்பேன். இது தெரிந்த நாளிலிருந்து ஐயா தன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு வந்தால் தெருமுனைக்கே போய் எதையோ சொல்வார். எங்கள் வீட்டைத் தாண்டும்வரை வண்டி ஊமையாக வரும். இதையெல்லாம் எதிர்வீட்டு செல்வி அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐயா அம்மாவுக்காக ஒரு வண்டி வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

வெயில் தாழ்ந்து இருட்டின பிறகு ஐயா சில நாள் அம்மாவைக் காரில் உட்காரவைத்துக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போவார். ஒரு நாள் திரும்பி வந்ததும் அம்மா சொல்லிவிட்டார்: "இனிமே ராத்திரியில என்னைக் கூட்டிக்கினு போகாதீங்க. ராத்திரியில எல்லா ஊரும் ஒண்ணுதான். கடல் கறுப்பா கெடக்கு. எனக்குப் பகல் வேணும். வெயில் அடிக்கணும், நான் அதைப் பாக்கணும்."

ஓடுகிற காரில் ஏசி உண்டுதான். ஆனால் அவரால் நெடுநேரம் உட்கார முடியாது, படுக்க வேண்டும். ஐயா பழைய டெம்போ வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டார். பக்கவாட்டில் பெரிய கண்ணாடி வைத்தார். பிரான்சில் ஜனங்கள் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். அதில் பார்த்த மாதிரியே கூரைமேல் ஏசி ஏற்றினார். வண்டி நிற்கும் இடத்தில் அந்த ஏசியை ஓட்டுவதற்குத்தான் ஜெனரேட்டர். கையால் தூக்கிக்கொண்டு போகிற, பெட்டி மாதிரி ஒரு சின்ன ஜெனரேட்டர்.

அது ஏசியை இழுக்கவில்லை. விசிறி ஓடும். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஜெனரேட்டர் ஒரு முனகு முனகிவிட்டு அணைந்துபோகும். ஐயா நாலைந்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஏசி மெக்கானிக் காதர் பாயைக் கூட்டிவந்தார்.

"ஓடுறதுக்கு இது போதும் முசே. ஆனா கம்ப்ரஸர் எழுந்திருக்கிற அந்த நேரத்துக்கு நாலு பங்கு கேக்கும். இந்தக் குட்டி எங்க தாங்கும்? பெரிசா ஒண்ணு எடுத்துடுங்க. நிம்மதி" என்றார் பாய்.

பெரிய ஜெனரேட்டர் வந்தது. மதியம் அதைக் கிளப்பினார்கள். ரைஸ்மில் தெருவுக்குள் வந்த மாதிரி இருந்தது. செல்வி அக்கா வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. நான் தூக்கம் கலைந்து லுங்கியோடு மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப்பார்த்தேன். அவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. கீழேயிருந்து அவர் என்னைப் பார்த்தார். உடனே அணைத்துவிட்டார். அம்மா உள்ளே ஜில்லென்று படுத்துக்கொண்டு, "அய்யோ நல்லா வருதே, ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

சாயந்தரத்துக்குள் அந்த ஜெனரேட்டரைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"தூக்கத்தைக் கெடுத்துட்டேன் தம்பி. மன்னிச்சிக்கணும்."

"அய்யோ, என்னாங்கய்யா இது. அம்மாவுக்காகத்தான. ஓட்டிக்கோங்க."

"இல்ல தம்பி. ஒருத்தர் நோவுக்காக ஊரே நோகக்கூடாது."

சாந்தமாகத்தான் சொன்னார். எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. ஆனால் ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

பிறகு காதர் பாய் சென்னையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்து கம்ப்ரஸரோடு இணைத்தார். அது கம்ப்ரஸரை ஒரேயடியாக உதறி எழுப்பாமல் மெல்ல மெல்லக் கிளப்பிவிடும். சின்ன ஜெனரேட்டர் ஒரு தடவை தம் கட்டியது, குரல் தாழ்ந்தது, பிறகு சமாளித்துக்கொண்டு ஒரே சீராக ஓடியது. ஐயா கூரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவருடைய நியமங்கள் ஆரம்பித்தன. முதலில் விசிறி, அப்புறம்தான் குளிர். ஏசி ஓடும்போது கெட்டில் போடக்கூடாது. புகை வண்டிப் பக்கம் வராதபடி ஜெனரேட்டரைத் தள்ளி, காற்று அடித்துப் போகும் பக்கமாக வைக்க வேண்டும். வெயிலில் அது சூடேறினால் வலு குறைந்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். அதனால் தானே குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். குடை ஜெனரேட்டருக்கு. இவர் தலையில் வெயில்.

என் வார விடுமுறை நாளில் வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். சித்திரை மாதம், உச்சி வெயில். வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தினோம். அம்மா தலையணையில் சாய்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். கடல் வெள்ளித் தகடு மாதிரி கண்ணைக் கூசவைத்தது. மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எதையாவது சொல்லிக் கேலி செய்கிற பெண்மணி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐயா எங்கே என்று பார்த்தால், கருவாட்டுக்காரப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள்: "கடலு போடுற சத்தத்துல இது எங்கய்யா கேக்குது? போய் பொண்டாட்டி பக்கத்துல குந்து, போ!"

வந்து உட்கார்ந்தார். அம்மா, "கதவை ஒரு நிமிசம் தொறங்க" என்றார். வேண்டாம் என்றார் ஐயா. "ஒரு நிமிசந்தான்." திறந்தார். அனல் உள்ளே அடித்தது. அம்மா கையை வெளியே நீட்டி, வெயிலில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். மழை பிடிக்கிற மாதிரி. ஐயா அந்தக் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். இருவரும் அப்படியே இருந்தார்கள். நான் இறங்கிப்போய்க் கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றேன்.

இதைச் சொல்கிற வாயால் வில்லியனூர்க் கல்யாணத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஏசி இல்லை. வண்டியைப் பக்கவாசலை ஒட்டி நிறுத்தி, அம்மா உள்ளேயிருந்தபடியே பார்ப்பதாக ஏற்பாடு. ஜெனரேட்டரைப் பின்னால் வைத்தார் ஐயா. சமையல்காரர் வந்து புகை அடிக்கிறது என்றார். ஐயா அணைத்துவிட்டு, அது ஆறியதும் தூக்கிக்கொண்டுபோய் வேறு பக்கம் வைத்தார். அங்கே கார் நிறுத்தவேண்டும் என்றார் ஒருவர். மறுபடி அணைத்தார். மறுபடி தூக்கினார். மூன்றாவது இடத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். வெறுமனே பார்த்தார், அவ்வளவுதான். ஐயா அதற்கும் அணைத்துவிட்டார்.

நான் வண்டிக்குள் இருந்தேன். அம்மாவின் உதடு கோணத் தொடங்கியிருந்தது. தாலி கட்டியபோது மேளம் கொட்டியது. "கட்டிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். கண் தெரியவில்லை அவருக்கு. நான் ஓடிப்போய் ஐயாவை இழுத்துவந்தேன். ஜெனரேட்டரைக் கிளப்பி, உள்ளே குளிர்ந்து, அவருக்குப் பேச்சு திரும்ப நேரம் ஆயிற்று.

"எல்லாருக்கும் எடம் உடுறீங்க. கார்க்காரனுக்கு, சோறு துன்றவனுக்கு. எனக்கு எங்கங்க எடம்?"

ஐயா ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "பர்தோன்" என்றார்.

"அதை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."



அடுத்த கத்திரியில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போதே தெருவெல்லாம் கரண்ட் இல்லாத வீடுகளும் வாசலில் கைவிசிறியோடு உட்கார்ந்த ஆட்களுமாக இருந்தது. ஐயா அம்மாவை வண்டிக்கு மாற்றியிருந்தார். ஒரு நீண்ட ஒயரைச் சந்து ஓரமாக இழுத்துக்கொண்டுபோய், கடைசியில் வேப்பமரம் வெட்டப்பட்ட இடத்தில் ஜெனரேட்டரை வைத்துவிட்டு வந்தார்.

"இவ்ளோ தூரம் எதுக்குங்கய்யா? நீங்க நடையா நடக்கணுமே."

"உங்க ஜன்னலுக்கு நேரா இருக்கும் தம்பி. கரண்டும் இல்ல, நீங்க எப்படித் தூங்குவீங்க? போங்க, போய்ப் படுங்க."

நான் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தேன். தூங்கிவிட்டேன். ஒரு சத்தமும் என்னிடம் வரவில்லை.

பிறகு நடந்ததைச் செல்வி அக்கா சொன்னார். மதியம் ஐயா பெட்ரோல் கேனோடு சந்துக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தாராம். ஒரு நேரம் நின்று மார்பைத் தடவிக்கொண்டார். பிறகு என் மாடிப்படி ஏறினார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். என் கதவுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கிவிட்டார்.

"என்னா முசே, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா. புள்ள தூங்குது. அப்பறம் வரேன்."

சந்துக்கு நடந்துபோனார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. வண்டிக்குள் ஏசி அடங்கியது. பெட்ரோல் ஊற்ற நிறுத்தியிருக்கிறார் என்று அம்மா நினைத்தார். காத்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே வெக்கை ஏறியது. எழுந்திருக்க முடியவில்லை. கையில் அகப்பட்ட எவர்சில்வர் டம்ளரால் கண்ணாடியை இடிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு அக்கா ஓடிவந்தார். அக்கா போட்ட கூச்சலில்தான் நான் எழுந்தேன்.

வண்டிக் கதவைத் திறந்தபோது அம்மாவின் புடவை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. "என்னை உடு. அவரு... அவரைப் பாரு" என்று மட்டும் புரிந்தது. சந்துக்கு ஓடினேன்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கேனை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். கூப்பிட்டேன். உலுக்கினேன். உயிர் இல்லை. வெயில் அவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அங்கே வண்டிக்குள் அந்த அம்மா வெந்துகொண்டிருக்கிறார். கேனை எடுக்க வேண்டும். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். பெட்ரோலை ஊற்றினேன், பாதி தரையில் போயிற்று. கயிற்றை இழுத்தேன். வரவில்லை. இழுத்தேன். கிளம்பியது. அவர் காலடியில், அவரே சொல்லிக்கொடுத்தபடி, முதலில் கொஞ்சம் ஓடவிட்டு, அப்புறம் ஓடிவந்து வண்டியில் விசிறியைப் போட்டு, அப்புறம் குளிரைப் போட்டேன். அக்கா அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி வைத்தார். அம்மாவின் கண் என்னையே பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் முன்னே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள்.

அடக்கத்துக்கு அவருடைய பழைய பட்டாளத்துத் தோழர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்தார்கள். பெட்டியின்மேல் பிரெஞ்சுக் கொடியைப் போர்த்தினார்கள். அம்மாவின் வண்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளேயே ஓட்டிவந்து, குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஏசியை ஓட்டினோம். பங்குச் சாமியார் குரலை உயர்த்திக்கொண்டு ஜெபம் சொன்னார். அம்மா அழவில்லை. அவருடைய முகத்தில் இருந்தது துக்கம் மாதிரி இல்லை. கோபம் மாதிரி இருந்தது.

வில்லியனூரில் அவருடைய தம்பி வீட்டுக்கு அம்மாவை அழைத்துப்போனார்கள். வண்டியை விற்றுவிட்டார்கள். சில மாதம் கழித்து அம்மா என்னை வரச்சொன்னதாகத் தம்பி கூப்பிட்டுச் சொன்னார். போனேன். சின்ன அறை, ஏசி ஓடியது. அறையில் ஐயாவின் படம் இல்லை. வைத்திருந்ததை அம்மாவே எடுக்கச் சொல்லிவிட்டார் என்று தம்பி வெளியிலேயே மெதுவாகச் சொல்லியிருந்தார்.

அம்மா இளைத்திருந்தார். கேலி இல்லை. நான் உட்காருவதற்குள் கேட்டார்.

"செல்விகிட்ட போன்ல பேசுனேன். அவரு உன் மாடிக்கு ஏறினாருன்னா. அதுக்கு மேல சொல்ல மாட்டேங்குறா. நீ சொல்லு தம்பி. உன் கதவைத் தட்டினாரா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவரு போயிட்டா நான் அந்த வண்டிக்குள்ளயே வெந்து போயிடுவேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் உன் தூக்கம் பெரிசுன்னு இறங்கிட்டாரா? சாகப்போற நேரத்துலகூட எனக்காக ஒரு கதவைத் தட்ட மாட்டாரா? ராத்திரி பகலா இதேதான் ஓடுது. எத்தினி வருசம் வாழ்ந்தேன் அந்த மனுசனோட. அவருக்கு நான் யாருன்னு தெரியணும் எனக்கு."

"தட்டினாரும்மா" என்றேன்.

அம்மா தலையைத் தூக்கினார்.

"தட்டினாரா?"

"ரொம்ப நேரம் தட்டினாரு. கூப்பிட்டாரு. எனக்குக் கனவுல கேக்குற மாதிரி இருந்துச்சு. நான்தான் எழுந்திரிக்கல."

"கூப்பிட்டாரா? என்னான்னு?"

"அம்மாவைப் பாருங்க தம்பி, அம்மாவைப் பாருங்கன்னு."

அவருடைய முகம் உடைந்தது. ஐயா போனதற்கு அன்றைக்குத்தான் அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளக் கை எழவில்லை, அதனால் வாய்விட்டு அழுதார். தம்பி மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து அழுகை ஓய்ந்தபோது என்னைப் பார்த்தார்.

"நீ எழுந்திருச்சிருக்கலாமே தம்பி."

"ஆமாம்மா."

"எழுந்திருச்சிருந்தா அவரு இருப்பாரு."

"ஆமாம்மா."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போ" என்றார். போயிட்டு வா என்று சொல்லவில்லை.

அதன் பிறகு நான் கூப்பிட்டால் பேசமாட்டார். தம்பிதான் பேசுவார். அடுத்த மார்கழியில், நல்ல குளிர் நாளில், தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்துக்குப் போனபோது தம்பி என்னைத் தனியாக அழைத்து அவருடைய அறையைக் காட்டினார். கட்டிலை ஒட்டி, படுத்தபடியே கைக்கு எட்டுகிற இடத்தில், ஐயாவின் படம் மாட்டியிருந்தது.

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே மாட்டச் சொன்னாங்க. கடைசிவரைக்கும் அதுங்கூடத்தான் பேச்சு, சிரிப்பு எல்லாம்" என்றார். பிறகு தயங்கினார். "உங்க பேரை எடுத்தா மட்டும் ஆவாது தம்பி. மன்னிக்கவே மாட்டேன்னுட்டாங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவாயில்லங்க" என்றேன்.